நாற்காலி இருக்கிறது, பேனா எங்கே?

கடலூர் மாவட்டத்திலே தெற்குத் திட்டை என்றோர் ஊர். 2020 ஜூலையில் அங்கே ஊராட்சி மன்றம் கூடிற்று. மற்றவர்களுக்கு நாற்காலி; தலைவருக்குத் தரை! தலைவர் ஓர் ஆதிதிராவிடப் பெண். அக்டோபரில் அந்தப் புகைப்படம் வெளியாகி நாடே பார்த்த பிறகுதான் ஊராட்சிச் செயலாளர் கைதானார். துணைத்தலைவர் மீது வழக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 15-ல், திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் இன்னொரு ஆதிதிராவிடத் தலைவி கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். ஐந்து நாள் கழித்து, மாவட்ட ஆட்சித்தலைவரே வந்து நின்ற பிறகுதான் அவர் கையால் கொடி ஏறிற்று.

பலரும் கண்டித்தனர், கண்டித்துவிட்டுக் கலைந்தனர். நாம் ஒன்று கேட்கிறோம். நாற்காலி மறுக்கப்பட்டது படத்தில் தெரிந்தது. படத்தில் தெரியாமல் மறுக்கப்படுவது எது?

கையெழுத்து!

1993-ல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கிற்று. 2016-ல் தமிழ்நாடு அதைப் பாதியாக்கிற்று. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க் கூலி வாங்கிய பெண்கள் ஊருக்குத் தலைவரானார்கள். சாதாரணச் செய்தியா இது?

ஆனால் சட்டத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கள். ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது; துணைத்தலைவரும் போடவேண்டும். தலைவரை ஊர் மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத்தலைவரையோ வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பதவிக்கு ஒதுக்கீடும் கிடையாது. நிலமும் சாதிக்கட்டும் உள்ளவர் அங்கே வந்து அமர்வது எளிது. குடிநீர் மோட்டார் பழுதானால் சரி செய்யச் சொல்வார் தலைவி. பேனாவை மூடி வைத்துக்கொள்வார் இவர். குழாயில் தண்ணீர் வராத பழி யாருக்கு? “பொம்பளை நிர்வாகம், வேறெப்படி இருக்கும்?” என்று டீக்கடையில் தீர்ப்பாகிவிடும்!

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம், தோழர்களே. ‘தலைவி வீட்டுக்காரர்’ என்றொரு பதவி எந்தச் சட்டத்திலும் இல்லை. ஊரில் ‘தலைவரே’ என்று நாம் கூப்பிடுவதோ அவரைத்தான். ஒன்றிய அலுவலகத்துக்குக் கோப்பைத் தூக்கிப் போகிறவர் அவர். அந்த அம்மாள் அடுப்படியில். ஆலை வாயிலில் உரிமை முழங்குகிற நம்மவர்களும் இதில் உண்டு, மறைப்பானேன்? மேல்சாதிக்காரர் நாற்காலியைப் பறித்தால் கொதிக்கிறோம்; கணவன் அதில் உட்கார்ந்தால் ‘ஒத்தாசை’ என்கிறோம்!

2025 ஜனவரி 5-ல் 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. மறுபடி மன்றம் அமையும்போது பழைய கதை தொடர வேண்டுமா? இரண்டாம் கையெழுத்து இருக்கட்டும்; காரணம் எழுதித் தராமல் மறுக்கக்கூடாது, குறித்த நாளுக்குள் போடாவிட்டால் வேறோர் உறுப்பினர் போடலாம் என்று சட்டத்தில் எழுதட்டும். வீட்டுக்காரர்களுக்கு நாம் சொல்வது இதைவிடச் சுருக்கம்: கணக்குப் புத்தகத்தை அந்த அம்மாள் கையில் கொடுத்துவிட்டு, கூட்டம் முடியும்வரை உலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சோறு குழைந்தால் குழையட்டும்.