ருஷ்ய மொழிக் கல்வியும் தமிழ்த்துறையின் கடமையும்

தல்ஸ்தோயையும் தஸ்தயேவ்ஸ்கியையும் தமிழ் மக்களாகிய நாம் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வாயிலாகவே அறிந்தோம். பூ. சோமசுந்தரம் போல மூலத்திலிருந்தே பெயர்த்துத் தந்தோர் மிகச் சிலர். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததை அடுத்து, மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் மலிவு விலையில் அனுப்பிய தமிழ் நூல்களின் வரத்தும் நின்றுபோயிற்று.

ஆங்கிலம் இடையில் நிற்பதால் குறை என்ன என்று வினவலாம். செகாவ் 1899இல் வெளியிட்ட, நாயுடன் வரும் சீமாட்டியைப் பற்றிய சிறுகதையை எடுத்துக்கொள்வோம். நெருக்கம் நேர்ந்தபின் விடுதி அறையில் அவன் அவளை 'நீ' என்கிறான். அவளோ கூசி, 'நீங்கள்' என்றே பேசுகிறாள். அவளுடைய தவிப்பு முழுவதும் அவ்வொரு சொல்லில் அடங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லாகிவிடுவதால், அதிலிருந்து தமிழாக்குவோர் ஊகித்தே எழுத வேண்டியுள்ளது. நம் வீட்டிலுள்ள பொருளை அயலாரிடம் இரவல் கேட்கும் கதைதான் இது!

வினைச்சொற்களும் அத்தகையனவே. கணக்கைப் போட்டுப் பார்த்தான் என்பதற்கும் போட்டு முடித்தான் என்பதற்கும் ருஷ்யத்தில் தனித்தனி வினைவடிவங்கள் உள. 'அவன் ஆசிரியன்' என இணைப்பு வினையின்றித் தொடர் அமைப்பதும் இரு மொழிக்கும் பொது. இவ்வுறவுகளை இலக்கணப் பாடம் மட்டும் கற்பித்துவிடாது. மாஸ்கோவில் 1933இல் தோன்றிய கார்க்கி இலக்கியக் கல்வி நிறுவனத்தில், மொழிபெயர்ப்பு மாணவர்கள் தம் வரைவுகளை ஆசிரியர் முன் படித்து விவாதித்தே தேறுகின்றனர். அம்முறையே நமக்கும் வேண்டும் என்பது எம் கருத்து.

இது வயிற்றுப்பாட்டுக்கு உதவுமா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. இலக்கிய மொழிபெயர்ப்பு ஒன்றையே நம்பி வாழ்வது அரிது என்பதை மாணவரிடம் மறைக்கலாகாது. ஆயின் மருத்துவம் பயில ருஷ்யா செல்லும் நம் பிள்ளைகள், நோயாளிகளுடன் உரையாடவேனும் அம்மொழியைக் கற்கின்றனர். அவர்களுள் தமிழில் தேர்ச்சியுடைய ஒருவரேனும் இருக்கமாட்டாரா?

பழுது நம் துறைகளிடத்தும் உண்டு. மொழிபெயர்ப்பை ஆய்வுக்கு ஒரு படி தாழ்ந்ததாக எண்ணும் வழக்கம் இன்னும் நீங்கவில்லை. ருஷ்ய மூலத்திலிருந்து பெயர்த்த பத்துச் சிறுகதைகளையும் அவற்றுக்கான விளக்கவுரையையும் முதுகலை ஆய்வேடாக ஏற்பதில் தடை என்ன? ருஷ்ய ஆசிரியர் ஒருவரும் தமிழாசிரியர் ஒருவரும் சேர்ந்து நெறிப்படுத்தலாம். ருஷ்யம் அறிந்தவர் நம் கல்லூரியில் இல்லையெனில், அஞ்சல் வழியாகவேனும் பிற பல்கலைக்கழகத்தாரின் துணையைப் பெறலாம். அடுத்த பாடத்திட்டக் குழு இதனை முதற்பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.