ஸ்டெப்னியும் நூறு கோடியும்

போன மாதம் விழுப்புரத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். தாம்பூலப் பையோடு கிளம்பும்போது ராத்திரி பத்தரை. திண்டிவனம் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்திருப்போம். பின்னால் 'பட்'டென்று ஒரு சத்தம். பஞ்சர்.

"பத்தே நிமிஷம் சார்" என்று டிரைவர் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கிக் கீழே போட்டார். அது துள்ளவில்லை. 'தொப்'பென்று உட்கார்ந்தது. அதிலும் காற்றில்லை.

"இதுல கடைசியா எப்பப்பா காத்து பாத்தே?"

"அதை யூஸே பண்ணலையே சார்!"

வழியில் வந்த ஒரு குட்டியானையை மடக்கி, ஸ்டெப்னியோடு ஏறிக்கொண்டு அவர் பஞ்சர் கடை தேடிப் போய்விட்டார். நான், என் மனைவி, அக்கா பெண் மூன்று பேரும் சாலையோரத்தில், கொசுக்களின் உபசரிப்பில். அக்கா பெண் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"மாமா, இது லேட்டண்ட் ஃபெயிலியர். எங்க ஆபீஸ்ல இதுக்குத்தான் சம்பளம்."

அவள் பெங்களூரில் விமான பாகங்களுக்குப் பாதுகாப்புக் கணக்குப் போடுகிற ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். என்ன வேலை என்று கேட்டால் "மரம் வரைகிறேன்" என்பாள். டிராயிங் மாஸ்டர் வேலையா என்று என் மனைவி ஒருமுறை கேட்டு, ஒரு வாரம் பேச்சு நின்று போயிருந்தது. இந்த முறை நான் ஜாக்கிரதையாக, "என்ன மரம்மா?" என்றேன். தாம்பூலப் பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து, செல்போன் வெளிச்சத்தில் பின்பக்கம் வரைய ஆரம்பித்தாள்.

அதன் பெயர் ஃபால்ட் ட்ரீ. கீதையில் கண்ணன் சொல்கிற அரசமரம் மாதிரி இதுவும் தலைகீழ். உச்சியில் நடக்கவே கூடாத ஒரு விபரீதத்தை எழுதவேண்டும். 'நடுரோட்டில் நிற்கிறோம்' என்று எழுதினாள். எது எது கெட்டால் இது நடக்கும் என்று கேட்டுக்கொண்டே கீழே இறங்கவேண்டும். டயரும் போய், ஸ்டெப்னியும் போனால்தான் நிற்போம். அது 'ஆண்ட்' கேட். பெட்ரோல் தீர்ந்தாலோ, பேட்டரி போனாலோ, ஏதாவது ஒன்று போதும் என்றால் அது 'ஆர்' கேட். ஆண்ட் வந்தால் பெருக்கல், ஆர் வந்தால் கூட்டல். இதுதான் மொத்த சமாச்சாரம். 1960களின் துவக்கத்தில், அமெரிக்காவின் மினிட்மேன் ஏவுகணை தப்பித்தவறித் தானே கிளம்பிவிடக்கூடாதே என்ற பயத்தில் பெல் லேப்ஸில் பிறந்தது. வாட்ஸன் என்பவர் ஆரம்பித்துவைத்தார். போயிங் கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டு விமானத்துக்குக் கொண்டுவந்தது.

பயணிகள் விமானத்தில் ஒரு விபரீதம் 'கேட்டஸ்ட்ராஃபிக்' என்றால், அதற்கான சாத்தியம் பறக்கும் ஒரு மணி நேரத்துக்கு நூறு கோடியில் ஒன்று என்ற அளவுக்குள் இருக்கவேண்டும். நூறு கோடி மணி என்றால் ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் வருஷம். அதோடு இன்னொரு நிபந்தனை: ஒரே ஒரு பாகம் கெட்டு அது நடக்கவே கூடாது. சாத்தியம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

"ஒரு லட்சம் மணிக்கு ஒருதரம் கெடற பம்ப்னு வெச்சுக்குங்க மாமா. ரெண்டு பம்ப். ரெண்டும் ஒரே மணி நேரத்துல கெடணும்னா லட்சத்தை லட்சத்தால பெருக்கு. ஆயிரம் கோடியில ஒண்ணு. பாஸ்!"

"அப்புறம் என்ன?"

"ரெண்டாவது பம்ப் ஸ்டெப்னி மாதிரி சும்மா உக்காந்திருந்தா?"

இங்கேதான் எனக்குத் தூக்கம் கலைந்தது. சும்மா இருக்கும் பம்ப் செத்துப்போனால் யாருக்கும் தெரியாது. ஆயிரம் மணிக்கு ஒருமுறைதான் அதைச் சோதிக்கிறார்கள் என்றால், நடுவில் என்றைக்கு வேண்டுமானாலும் செத்திருக்கலாம். சராசரியாகப் பார்த்தால் எந்த நேரத்திலும் அது பிணமாக இருக்க இருநூறில் ஒரு வாய்ப்பு. இப்போது பெருக்கினால் ஆயிரம் கோடியில் ஒன்று எங்கே? இரண்டு கோடியில் ஒன்று! ஐந்நூறு மடங்கு மோசம். பம்ப் அதே பம்ப். மரம் அதே மரம். கம்ப்யூட்டரில் 'எத்தனை மணிக்கு ஒருதரம் சோதனை' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறதாம். அதில் ஒன்று என்று போட்டால் பச்சை விளக்கு. ஆயிரம் என்று போட்டால் சிவப்பு. நூறு கோடிக்குள் வரவேண்டுமானால் இருபது மணிக்கொருதரம் சோதிக்கவேண்டும். (சராசரி என்பதில் ஒரு வேடிக்கை. சோதனைக்கு முந்தின நாள் பறக்கிற மகானுபாவருக்கு ஆபத்து சராசரியைப் போல இரண்டு மடங்கு. டிக்கெட் விலையில் தள்ளுபடி கிடையாது.)

"ஸ்டெப்னி ரெண்டு மூணா வெச்சுட்டா?" என்றாள் என் மனைவி. நல்ல கேள்வி. அதற்கு 1983 மே மாதம் நடந்ததைச் சொன்னாள்.

மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவிலுள்ள நசாவுக்கு ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் டிரைஸ்டார் விமானம். மூன்று எஞ்சின், 172 பேர். ஒரு எஞ்சினில் ஆயில் பிரஷர் இறங்கியது. அதை அணைத்துவிட்டு மயாமிக்கே திருப்பினார்கள். உடனே மற்ற இரண்டிலும் ஆயில் இல்லை என்று முள் காட்டியது. மூன்று எஞ்சினும் ஒரே நேரத்தில் போவதாவது, மீட்டர்தான் கெட்டிருக்கும் என்று பைலட்டுகள் நினைத்தார்கள். பெருக்கல் தெரிந்தவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் முள் பொய் சொல்லவில்லை. அந்த இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொள்ளச் சொல்லி, கடலில் இறங்கத் தயாராகி, நாலாயிரம் அடி வரை வந்தபின், முதலில் அணைத்த எஞ்சின் மறுபடி உயிர்பெற்றது. அந்த ஒற்றை எஞ்சினோடு மயாமியில் இறங்கினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

காரணம்? எஞ்சின் ஆயிலில் உலோகத்தூள் கலக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன சாதனம் உண்டு. பராமரிப்பின்போது மூன்று எஞ்சினிலும் அதை மாற்றினார்கள். வழக்கமாக ரப்பர் வளையம் மாட்டியே கைக்கு வரும். அன்று வளையம் இல்லாமல் வந்தது. கவனிக்காமல் மூன்றிலும் அப்படியே திருகிவிட்டார்கள். சில செகண்ட் சுழற்றிப் பார்த்தார்கள், ஒழுகவில்லை, கையெழுத்துப் போட்டாயிற்று. மூன்று எஞ்சினும் தனித்தனி. தப்பு மட்டும் ஒரே தப்பு. இன்று இரண்டு எஞ்சின் விமானங்கள் சமுத்திரம் தாண்டும்போது, இரண்டு எஞ்சினிலும் ஒரே வேலையை ஒரே ஆள் ஒரே சமயத்தில் செய்யக்கூடாது என்று விதி இருக்கிறது.

1989 ஜூலையில் அமெரிக்காவின் சூ சிட்டியிலும் இதே பாடம். டிசி-10 விமானம், மூன்று தனித்தனி ஹைட்ராலிக். வால் எஞ்சினின் சக்கரம் வெடித்துச் சிதறியதில் மூன்று குழாயும் சேர்ந்து அறுந்தன. அப்படி ஆனால் என்ன செய்வது என்று கையேட்டில் ஒரு பக்கம்கூட இல்லை. மீதமிருந்த இரண்டு எஞ்சின்களின் வேகத்தை ஏற்றியும் இறக்கியுமே ஓட்டிவந்தார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். 737 மேக்ஸில் வேறு கதை. ஒரு சமயத்தில் ஒரே ஒரு சென்ஸாரை நம்பிய அமைப்பு. அது கெட்டால் பைலட் உடனே சமாளித்துவிடுவார் என்று நம்பி, விபரீதத்தை ஒரு படி கீழே மதிப்பிட்டிருந்தார்கள். 2018லும் 2019லுமாக 346 உயிர். மரத்தின் உச்சியில் எழுதும் பெயரே தப்பானால் கீழே எவ்வளவு பெருக்கி என்ன?

இவ்வளவும் சொல்லிவிட்டுப் பேனாவை மூடியவள், சும்மா இருந்துவிட்டுக் கேட்டாள்.

"மாமா, இந்த வேலையை விட்டுடலாமான்னு இருக்கு."

விஷயம் இதுதான். அவள் கையில் இருக்கிற ஒரு மரத்திலும் சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு பாகம். சோதனை எப்போதோ ஒருதரம். நிஜமான எண்ணைப் போட்டால் சிவப்பு. மேலதிகாரி, "அது கெட்டா பைலட் முன்னாடி விளக்கு எரியுமே, அப்ப தெரிஞ்சதுதானே? ஒன்றுன்னு போடு" என்றிருக்கிறார். இவள் அந்த விளக்கின் ஒயரைத் தேடிப் பார்த்திருக்கிறாள். அந்தப் பாகத்துக்கு எங்கிருந்து கரண்ட் வருகிறதோ, அங்கிருந்தேதான் விளக்குக்கும் வருகிறது. கரண்ட் போனால் இரண்டும் சேர்ந்து போகும். விளக்கு எரியாமல் இருப்பதைப் பார்த்து எல்லாம் நலம் என்று பைலட் பறந்துகொண்டிருப்பார். இவள் கையெழுத்துப் போடவில்லை. மூன்று வாரமாக வேறு வேலை ஏதும் தரவில்லை. திங்கட்கிழமை மீட்டிங்.

"அவர் சொல்றபடி போட்டா என்ன ஆகும்?" என்றேன்.

"ஒண்ணும் ஆகாது மாமா. அநேகமா. அதான் பிரச்னையே. நான் ரிட்டயர் ஆகிறவரைக்கும்கூட ஒண்ணும் ஆகாம இருக்கலாம்."

நான் முப்பத்துநாலு வருஷம் உத்தியோகம் பார்த்தவன். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்திலெல்லாம் போட்டவன். விட்டுடு என்றும் சொல்ல வாய் வரவில்லை, விடாதே என்றும் வரவில்லை. என் மனைவிதான், "ஒயர் எங்கேருந்து வருதுன்னு படம் இருக்கில்ல? அதைப் பெருசா பிரிண்ட் எடுத்து மீட்டிங்ல மேஜை மேல விரிச்சு வெச்சுடு. நீ ஒண்ணும் பேசாதே" என்றாள். மரத்தை டிராயிங் என்று சொன்ன அதே வாய். அக்கா பெண் பத்திரிகையை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்கு டிரைவர் ஒரு பைக்கின் பின்னால் உட்கார்ந்து, ஸ்டெப்னியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். மாட்டினார். பழைய டயரைத் தூக்கி டிக்கியில் போட்டார். 'தொப்'.

"இதை எங்கப்பா பஞ்சர் ஒட்டறது?"

"மெட்ராஸ் போயிப் பாத்துக்கலாம் சார். ஸ்டெப்னிதானே!"

அக்கா பெண் என்னைப் பார்த்தாள். தாம்பரம் வரும்வரை மூன்று பேரும் தூங்கவில்லை.