கல் போயிற்று, தீட்டுப் போகவில்லை!

ஸ்பெயின் தேசத்துத் தலைநகராகிய மாட்ரிட்டில் எகிப்தியக் கோயில் ஒன்று நிற்கிறது. தெபோத் கோயில் என்பது அதன் பெயர். சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் ஆமூன் என்னும் தெய்வத்துக்காக நைல் நதிக்கரைப் பக்கம் கட்டப்பட்டது. அஸ்வான் அணைத் தண்ணீரில் முழுகிவிடும் என்றானதும், கல் கல்லாகக் கழற்றி எடுக்கப்பட்டு, 1968-இல் ஸ்பெயினுக்கு நன்கொடையாக அளிக்கப்பட்டு, 1972-இல் அங்கே பொதுஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

ஆமூன் பூசை நடந்த காலத்தில் அதன் கர்ப்பக்கிருகத்துக்குள் சாமானியன் எட்டிப்பார்க்க முடியாது. இன்றோ எந்தத் தேசத்தானும் செருப்புக் காலோடு போய் வருகிறான். ஆமூன் எவன் கண்ணையும் குத்தவில்லை. வெள்ளத்திலிருந்து அவர் வீட்டைக் காப்பாற்றியவர்களும் இஞ்சினீயரும் கூலியாளுமேயன்றி அவரல்லர்.

"அது மிலேச்ச தேசத்துச் சங்கதி" என்பார்கள் நமது வைதிகர்கள். சரி, மதுரைக்கே வருவோம். மதனகோபாலசுவாமி கோயில் மண்டபத்துக் கற்றூண்களை 1912-இல் அட்லைன் பெப்பர் கிப்சன் என்ற அமெரிக்க அம்மையார் விலைக்கு வாங்கினார். அவை 1919-இல் பிலடெல்பியா நகரக் கலைக் காட்சிச்சாலைக்குச் சேர்ந்து, இன்றும் அங்கே மண்டபமாக நிற்கின்றன.

அதே மதுரையில் மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட தோழர்கள் காலெடுத்து வைத்தது எப்போது? 1939 ஜூலை 8-ந் தேதி! கோயில் தூணை விலைக்கு வாங்கிச் சமுத்திரம் தாண்டிக் கொண்டுபோகலாம், தீட்டில்லை. உள்ளூரில் உழைக்கிறவன் தூணருகே நின்றால் மாத்திரம் தீட்டா?

"அதெல்லாம் பழங்கதை" என்பவரை நமது கள்ளக்குறிச்சிக்கு அழைக்கிறோம். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-இல். இம்மாவட்டத்து எடுத்தவாய்நத்தம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் ஆதிதிராவிட மக்கள் நுழைந்தது 2023 ஜனவரி 2-ந் தேதி. அதுவும் போலீஸ் பந்தோபஸ்தோடு! பந்தோபஸ்து யாருக்குப் பயந்து? பெருமாளுக்கா? அவர் வாயே திறக்கவில்லை. சக மனிதனுக்குப் பயந்துதான்.

தோழர்களே! யாரையும் சாமி கும்பிடப் போகும்படி நாம் சொல்ல வரவில்லை. போகிறவனைத் தடுக்க இன்னொருவனுக்கு ஏது பாத்தியதை என்றுதான் கேட்கிறோம். தீட்டு என்பது கல்லில் இருந்தால் தூணோடு கப்பலேறிப் போயிருக்க வேண்டும். போகவில்லையே! ஜாதி பிடித்த மண்டைக்குள் அல்லவா அது குடியிருக்கிறது? கோயிலைப் பெயர்க்கக் கடப்பாரை போதும். இதைப் பெயர்க்கப் பகுத்தறிவு வேண்டும். உங்கள் ஊரில் எந்தக் கதவு யாருக்கு அடைத்திருக்கிறது என்று இன்றே பாருங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.