சொல்லைக் காத்தோம், கருவியை மறந்தோம்

மார்கழித் திங்கள் பிறந்துவிட்டால் சென்னையில் இசைவிழாக்கள் தொடங்கிவிடும். வாய்ப்பாட்டுக்கும் பிடிலுக்கும் வீணைக்கும் இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்குவர். நாகசுரத்துக்கோ பெரும்பாலும் தொடக்க நாளில் ஒரு சிறுபொழுது! வந்தவர்கள் இருக்கை தேடி அமர்வதற்குள் அது முடிந்துவிடும். அதற்கு 'மங்கல இசை' என்று பெயர் வேறு! பறையிசைப்பார் அவ்வரங்குகளில் ஏறுவது அரிதினும் அரிது. இவ்வரிசை இசையின் தரத்தால் அமைந்ததா, பிறவி வேற்றுமையால் அமைந்ததா என்பதைத் தமிழன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

திருவாவடுதுறை இராசரத்தினத்தை (1898-1956) எடுத்துக்கொள்வோம். அவர் காலத்து நாகசுரக் கலைஞர் மேலாடையின்றித் தெருவில் நின்றும் நடந்தும் ஊதவேண்டியவராக இருந்தார். அந்நிலையை அவர் ஏற்கவில்லை. தலைமயிரைக் கத்தரித்துக்கொண்டார், மேற்சட்டை அணிந்தார், பாடகருக்கு இணையாக மேடையில் அமர்ந்து ஊதினார். செருக்கர் என்றனர், இருக்கட்டுமே! நூற்றாண்டுக் குனிவை நிமிர்த்துவதற்குச் சிறிது செருக்கும் வேண்டியிருந்தது. குட்டையான திமிரிக் குழலின் உரத்த ஒலி அரங்குக்கு ஒவ்வாதென உணர்ந்து, நரசிங்கன்பேட்டை அரங்கநாதன் ஆசாரியாரைக் கொண்டு நீண்ட பாரிக் குழலை உருவாக்கச் செய்தார். இன்று அரங்குகளில் ஒலிப்பது அக்குழலே. ஊதியவரைப் போற்றுவோர்கூட, ஆச்சா மரத்தைக் கடைந்து துளையிட்ட அக்கைவினைஞரை நினைப்பதில்லை.

கொடுமுடியில் 1908-இல் பிறந்த சுந்தராம்பாள் அம்மையார் வறுமையால் தொடர்வண்டியில் பாடிப் பிழைத்த சிறுமி. நாடக மேடையே அவர்க்குப் பள்ளி. கணவர் கிட்டப்பா 1933-இல் மறைந்தபோது அம்மையாருக்கு அகவை இருபத்தைந்து. அன்றுடுத்த வெள்ளாடையை இறுதிவரை மாற்றவில்லை. 1935-இல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடம் பூண்டு நடிக்க ஓர் இலக்கம் உருபா பெற்றார். 1958-இல் சட்ட மேலவை உறுப்பினருமானார்.

மற்றொரு நந்தனார், தண்டபாணி தேசிகர். ஓதுவார் மரபில் வந்து, திரையில் நடித்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை பயிற்றுவித்தவர். அவர் 1946-இல் திருவையாற்றுத் தியாகராசர் விழாவில் தமிழ்ப்பாட்டொன்றைப் பாடினார். இடமே தீட்டாகிவிட்டதென அடுத்துப் பாடவிருந்தவர் சினந்தார்! தமிழ் மண்ணில், காவிரிக் கரையில், தமிழ் தீட்டு! 'குடி அரசு' அதனை வன்மையாகக் கண்டித்தது. 1943-இல் நிறுவப்பெற்ற தமிழிசைச் சங்கம் எதற்குத் தேவைப்பட்டது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அப்போராட்டம் பெரிதும் வென்றது. இன்று மேடையில் தமிழ் பாடுவோரைத் தீட்டென்று வெளிப்படையாகச் சொல்லும் துணிவு எவர்க்கும் இல்லை. முறையாக இசை பயிலாத நாகூர் அனிபா (1925-2015) தம் வெண்கலக் குரலால் இசுலாமியப் பாடல்களையும் இயக்கப் பாடல்களையும் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சென்றார். பிற சமயத்தார் வீடுகளிலும் அக்குரல் ஒலித்தது.

ஆயினும் நம்மிடத்தும் ஒரு குறை உண்டு. பாட்டின் சொல் தமிழாக வேண்டுமென்று போராடிய நாம், சொல்லே இல்லாத கருவிகளைக் கணக்கில் கொள்ளவில்லை. இராசரத்தினத்தின் தோடிக்கு எம்மொழிச் சொல் வேண்டும்? பறைக்கு ஏது மொழிபெயர்ப்பு? அவை தமிழாகவே பிறந்தவை. அதனாலேயே நாம் அவற்றுக்காக வாதாட வேண்டியிருக்கவில்லை போலும்! மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் தாமரைத்திரு விருது அளிக்கப்பெற்றது. மகிழ்ச்சியே. ஆனால் அவ்விருதைப் பாராட்டிப் பேசியவருள் எத்துணைப் பேர் தம் பிள்ளையின் கையில் பறையைக் கொடுப்பர்? சாவு வீட்டுக்கு மட்டும் உரியதென்று அதனை ஒதுக்கியவர் வடவர் அல்லர், நாமே.

அண்மையில் தமிழன்பர் ஒருவர் இல்லத் திருமணத்துக்குச் சென்றிருந்தேன். அழைப்பிதழில் ஓர் அயற்சொல் இல்லை. திருக்குறள் ஓதித் தாலி பூட்டினர். நாகசுரமும் தவிலும் தொடங்கிய சிறிது நேரத்தில், ஒலிபெருக்கியில் திரைப்பாட்டை முடுக்கிவிட்டு அவர்களை நிறுத்தச் சொல்லிவிட்டனர். கடைசிப் பந்தியில் தவில் கலைஞர் என் பக்கத்தில் அமர்ந்து உண்டார். தொப்பி போட்டுப் போட்டு அவர் விரல்கள் காய்த்திருந்தன.

"மகன் வாசிக்கிறானா, ஐயா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க. திருப்பூரில் பின்னலாடை ஆலைக்குப் போகிறான். நான்தான் போகச் சொன்னேன்" என்றார்.