பிள்ளை முன்னே, பெற்றோர் பின்னே



ஜூன் திங்கள் பிறந்துவிட்டது. புத்தகப் பை, சீருடை, காலணி, கட்டணம் என்று நம் பங்குக் குடும்பங்களின் கையிருப்பெல்லாம் கரையும் காலம் இது. கடன் வாங்கியேனும் பிள்ளையை நல்ல பள்ளியில் சேர்த்துவிட்டோம் என்ற மனநிறைவோடு தந்தையர் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் திரும்புகின்றனர். அந்நிறைவைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஆயினும், மூன்று வயது நிரம்பாத குழந்தையின் விரல்களுக்கிடையே பென்சிலைத் திணித்து, அதன் கையைத் தன் கைக்குள் இறுகப் பற்றி, அகரம் எழுதவைக்கும் தாய்மாரைக் காணும்போது ஓர் ஐயம் எழுகிறது. இதே குழந்தைக்கு நடப்பதற்கு யார் டியூஷன் வைத்தார்கள்? 'நேற்று வந்தார், நாளை வருவார்' என்று காலம் பிரித்துப் பேச எந்த ஆசிரியர் இலக்கணம் கற்பித்தார்? ஈராண்டுகளுக்குள் ஒரு மொழியையே தானாகக் கற்றுக்கொண்ட உயிர், பள்ளி வாசலை மிதித்த நாள் முதல் தானாக எதையும் கற்க இயலாததாகிவிடுமோ?

இவ்வினாவை உலகெங்கும் எழுப்பியவர் கத்தோலிக்கப் பெண்மணி ஒருவர். அவர் நம் சென்னையில் சில ஆண்டுகள் வாழ்ந்தவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அவரே டாக்டர் மரியா மாண்டிசோரி. 1870 ஆகஸ்டு 31 அன்று இத்தாலியில் பிறந்து, 1896-இல் உரோமையில் மருத்துவப் பட்டம் பெற்றவர். இன்று அவர் பெயரைத் தாங்கிய பள்ளிகளின் கட்டணத்தைக் கேட்டாலே நமக்கு மயக்கம் வருகிறது. ஆனால் அவர் தம் பணியைத் தொடங்கிய இடத்தை அறிந்தால் வியப்பீர்கள். உரோமை நகரில் சான் லொரென்சோ என்னும் பகுதி. ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த அடுக்குக் குடியிருப்பு. தாயும் தந்தையும் விடியலில் வேலைக்குச் சென்றுவிட, சிறுவர்கள் மாடிப்படிகளில் ஓடிச் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினர். கட்டட உரிமையாளருக்குச் சுவரைப் பற்றிய கவலை. ஆகவே பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துக் காக்க ஆள் தேடினர். இப்படித்தான் 1907 சனவரி 6, மூன்று அரசர் திருநாளன்று, 'குழந்தைகள் இல்லம்' தொடங்கியது. நம் இராயபுரத்துச் சந்துகளையும் திருவொற்றியூர்க் குடியிருப்புகளையும் அறிந்தோர்க்கு இக்காட்சி புதியதன்று.

அங்கே அவர் பெரிதாக ஒன்றும் கற்பித்துவிடவில்லை; உற்று நோக்கினார். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரக்கட்டையில் உள்ள குழிகளில் உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். சுற்றிலும் மற்றப் பிள்ளைகள் பாட்டுப் பாடினர். அவள் அமர்ந்திருந்த நாற்காலியையே அம்மையார் தூக்கி மேசைமேல் வைத்தார். அவளோ கவனம் சிதறாமல் நாற்பது தடவைக்கு மேல் அதையே திரும்பத் திரும்பச் செய்து, பின்னர் உறங்கி விழித்தவளைப்போல் முகமலர்ச்சியோடு நிமிர்ந்தாள். மற்றொரு நாள் ஆசிரியை அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார். பிள்ளைகள் தாமே பொருள்களை எடுத்து வேலையைத் தொடங்கியிருந்தனர். அதனை அவர் திருட்டென்று கருதவில்லை. தமக்கு வேண்டியதைத் தெரிந்துகொள்ளும் அறிவு என்று கண்டு, குழந்தையின் கைக்கு எட்டும் தாழ்வான திறந்த அலமாரிகளைச் செய்வித்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது மூக்குச் சிந்திய பாடம். கைக்குட்டையால் மூக்கை ஓசையின்றித் துடைப்பது எப்படி என்று ஒருநாள் அவர் செய்து காட்டினார். பாடம் முடிந்ததும் பிள்ளைகள் கைதட்டி ஆரவாரித்தனராம். ஏன் தெரியுமா? ஒழுகும் மூக்குக்காக அவர்களை எல்லாரும் ஏசியிருக்கிறார்கள். துடைக்கும் வகையை ஒருவரும் பொறுமையாகக் காட்டியதில்லை. நம் இல்லங்களில் ஒரு நாளில் எத்தனை தடவை ஏசுகிறோம், எத்தனை தடவை காட்டுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

1939-ஆம் ஆண்டின் இறுதியில், தம் 69-ஆம் வயதில், பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அவர்களின் அழைப்பை ஏற்று, மகன் மாரியோவுடன் அடையாற்றுக்கு வந்தார். முதல் பயிற்சியில் ஏறத்தாழ 300 ஆசிரியர் சேர்ந்தனர். சில மாதங்களில் இத்தாலி போரில் இறங்கியது. ஆங்கில அரசுக்குத் தாயும் மகனும் பகை நாட்டவராயினர். மாரியோ சிறைமுகாமில் அடைக்கப்பட்டார். அம்மையாரின் நடமாட்டமும் கட்டுப்படுத்தப்பட்டது. அவருடைய 70-ஆம் பிறந்தநாளை ஒட்டி மகன் விடுவிக்கப்பட்டார். பின்னர் கொடைக்கானலில் தங்கி, இலைகளையும் பூச்சிகளையும் தேடி ஓடும் சிறுவர்களைக் கொண்டு தம் முறையை விரித்தார். இந்தியாவில் நிகழ்த்திய சொற்பொழிவுகளிலிருந்தே 1949-இல் அவருடைய புகழ்பெற்ற நூல் ஒன்று நம் சென்னையில் முதன்முதல் அச்சாயிற்று.

"சாமி, இதெல்லாம் வசதி உள்ளவர்களுக்குச் சரி. நாங்கள் தேர்வு எழுதி வேலைக்குப் போனால்தான் சோறு" என்று ஒரு தாய் என்னிடம் கூறினார். மீன் ஏலத்தில் விடியற்காலையில் நின்று பிள்ளையை வளர்ப்பவர் அவர். அவர் கூற்றில் உண்மை உண்டு, தட்டிக்கழிக்கக் கூடாது. தேர்வும் மதிப்பெண்ணும் நம் மக்கள் வறுமையிலிருந்து ஏறிவந்த படிகள். ஆனால் அந்த அம்மையாரின் மகளைக் கவனித்தேன். வஞ்சிரம் எது, வவ்வால் எது, சங்கரா எது என்று ஒரு பார்வையில் சொல்கிறாள். கூடை விலையையும் ஐஸ் செலவையும் கூட்டிக் கழித்து மீதத்தை வாயால் சொல்கிறாள். பள்ளிக் கணக்கிலோ அவளுக்கு மிகக் குறைந்த மதிப்பெண். காசிமேட்டில் கணக்குத் தெரிந்த பிள்ளைக்குக் காகிதத்தில் மட்டும் கணக்கு வராமல் போவானேன்? இவ்விரண்டும் ஒரே கணக்கே என்று யாரும் அவளுக்கு இணைத்துக் காட்டவில்லை. அப்பணி ஆசிரியருக்கு மட்டும் உரியதன்று; மாலையில் அவளுடன் அமரும் தாய்க்கும் உரியது.

ஏழைப் பிள்ளைகளுக்கு இது ஆகாது என்போர் நம் மாநகராட்சிப் பள்ளிகளின் கதையையும் நினைவுகூர வேண்டும். 2003-இல் ஆணையர் எம். பி. விஜயகுமார் அவர்களின் முயற்சியால், ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்தைத் துணைக்கொண்டு, 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. பாடங்கள் சிறு சிறு அட்டைகளாயின. ஏணிபோன்ற அட்டவணையில் தான் நிற்கும் படியைப் பார்த்து, குழந்தையே தன் அட்டையை எடுத்தது. கரும்பலகை சுவரில் கீழிறங்கி அதன் கைக்கு எட்டியது. ஆசிரியரும் பாயில் அமர்ந்தார். சில ஆண்டுகளில் இம்முறை தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் பரவியது. குறைகளும் இருந்தன. அட்டைகள் கிழிந்தன, ஆசிரியர் சுமை மிகுந்தது, 'வீட்டுப்பாடம் இல்லை, பிள்ளை விளையாடிவிட்டு வருகிறது' என்று பெற்றோர் மனங்குன்றினர். 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டம் வந்துள்ளது. அதிலும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையறிந்தே பாடம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் செயல்களாலும் தேடலாலும் கற்கவேண்டும் என்றே விதிக்கிறது. அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடுக்கிறது. சட்டம் வகுப்பறைக்குள் வந்துவிட்டது. வீட்டிற்குள்?

நம் பகுதியில் கற்பதற்குப் பொருளுக்கா பஞ்சம்! எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்கும் கண்டெய்னர் லாரிகளைப் பாருங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஏழு எண்களும் இருக்கும். இறுதி எண் மட்டும் தனியே ஒரு கட்டத்துக்குள் ஏன் நிற்கிறது என்று ஒரு சிறுவன் தன் தந்தையிடம் கேட்டான். தந்தை லாரி ஓட்டுநர், "அது உனக்கெதற்கு? போய்ப் படி" என்றார். அவன் கேட்டதும் படிப்புத்தானே! முந்திய எழுத்துகளையும் எண்களையும் ஒரு கணக்கிற்கு உட்படுத்தினால் கிடைக்கும் விடை அந்த இறுதி எண்; எழுதுபவர் ஓர் எண்ணைப் பிழையாகக் குறித்தால் கணக்கு ஒத்துவராமல் தவறு வெளிப்பட்டுவிடும். 'எனக்குத் தெரியாது, வா, அலுவலகத்தில் கேட்போம்' என்று தந்தை சொல்லியிருந்தால் அவருக்குக் குறைவு ஏதும் நேர்ந்திராது. தெரியாது என்று சொல்லும் தந்தையைப் பிள்ளை இகழ்வதில்லை. விரட்டும் தந்தையிடம் மறுமுறை கேட்பதும் இல்லை. திருவொற்றியூர் டயர் ஆலையில் வேலைபார்ப்பவர், அந்நிறுவனம் 1946-இல் பொம்மைப் பலூன் செய்து தொடங்கியது என்று ஒரு மாலை தம் பிள்ளையிடம் சொல்லிப் பார்க்கட்டும். எத்தனை கேள்விகள் கிளம்புகின்றன என்று காண்பார்!

சில கேள்விகள் நம்மைச் சுடும். 2023 திசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவிப் படகும் வலையும் கறுத்தபோது, 'ஆற்றில் எண்ணெய் எப்படி வந்தது? மீன் எங்கே போகும்?' என்று பிள்ளைகள் கேட்டனர். பெரியவர்கள் வாயடைத்து நின்றனர். அத்தகைய கேள்விகளை வீட்டிலேயே அடக்கிவிட்டால், நாளை இவ்வூருக்காகக் கேட்க யார் இருப்பார்? எருசலேம் ஆலயத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுவர் இயேசு போதகர் நடுவே அமர்ந்து, செவிமடுத்ததோடு வினாக்களும் கேட்டார் என்று லூக்கா எழுதுவதை நாம் ஆண்டுதோறும் வாசிக்கக் கேட்கிறோம்.

பிள்ளையை முன்னே விடுவதென்றால் மனம்போல் திரியவிடுவது என்று கொள்ளவேண்டாம். கடலலையும் லாரிச் சக்கரமும் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்பதில்லை. அங்கே கையைப் பிடித்தே ஆகவேண்டும். மாண்டிசோரி அம்மையாரும் எல்லை வகுத்தே விடுதலை அளித்தார். தாம் ஆராய்ந்து வைத்த பொருள்களுக்குள்ளேதான் தேர்வு. 'பிள்ளை விரும்புகிறது' என்று கைபேசியைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவோரும் இதனைக் குறித்துக்கொள்க. அங்கே கைபேசி முன்னே நடக்கிறது. பிள்ளை பின்னே இழுபடுகிறது. இன்னொன்று: வலை பின்னுவதையும் இறால் பொறுக்குவதையும் பிள்ளை பார்த்துக் கற்பது வேறு, பள்ளியை நிறுத்தி அவ்வேலைக்கே அனுப்புவது வேறு. பின்னதற்கு என் எழுத்தை எவரும் சான்று காட்டவேண்டாம்.

இறுதியாக, பலர் கேட்கும் கேள்வி: எல்.கே.ஜி. பிள்ளைக்கு டியூஷன் வேண்டுமா? வேண்டா என்பதே என் விடை. அந்தப் பணத்தில் கைக்கடக்கமான துடைப்பம் ஒன்று, சிறு குவளை ஒன்று, நாலு வண்ணச் சாக்கட்டி வாங்குங்கள். ஆணியைத் தாழ அடித்து, பிள்ளையே தன் சட்டையை மாட்டும்படி செய்யுங்கள். அரிசியில் கல் பொறுக்கும்போது பக்கத்தில் அதற்கும் ஒரு தட்டு வையுங்கள். பொத்தான் போட அதற்குப் பத்து நிமிடம் ஆகும். பள்ளி வண்டி வரும் நேரமென்று கை துறுதுறுக்கும். பத்து நிமிடம் முன்னதாக எழுப்பிவிடுங்கள்.