திறமூலத்துக்கு நாட்டாமை வேணுமா?

திறமூல மென்பொருள்னா யார் வேணா எழுதலாம், யார் வேணா திருத்தலாம். சரி. அப்போ யார் வேணா யாரை வேணா திட்டலாமா? "ஆமா, அதுதானே சுதந்திரம்"னு சொல்ற கூட்டம் எப்பவும் உண்டு. மட்டுறுத்தல்னு பேச்செடுத்தாலே "சர்வாதிகாரம்!"னு கிளம்பிடுவாங்க. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏன்னு சொல்றேன்.

முதல்ல லினக்ஸ். லினஸ் டோர்வால்ட்ஸ் திட்டுறதுல பேர் போனவர். சரியில்லாத நிரலை அனுப்பினவங்களைப் பொதுவிலேயே கிழிச்சுத் தொங்கவிடுவார். "அவர் திட்டறதாலதான் லினக்ஸ் தரமா இருக்கு"ன்னு ரசிகர்கள் ரொம்ப நாள் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. 2018 செப்டம்பரில் அவரே மன்னிப்புக் கேட்டுக் கொஞ்ச நாள் ஒதுங்கினார். அப்பவே கெர்னல் திட்டத்துக்குப் புது நடத்தை விதிகளும் வந்தன. அக்டோபரில் திரும்பி வந்துட்டார். கெர்னல் ஒண்ணும் மூழ்கிடலை. இன்னிக்கும் ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு பதிப்பு வந்துகிட்டுத்தான் இருக்கு.

இது மரியாதைப் பிரச்சினை. அடுத்தது பாதுகாப்புப் பிரச்சினை.

எக்ஸ்இசட்னு கோப்புகளைச் சுருக்குற ஒரு சின்ன மென்பொருள். கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் இருக்கும். அதைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டவர் லாஸ்ஸே காலின் என்கிற ஒரே ஒருத்தர். 2022இல் சிலர் வந்து, "ஏன் இவ்வளவு லேட்டு? முடியலைன்னா வேற ஆள்கிட்ட கொடுங்க"ங்கிற தொனியில் நச்சரிச்சாங்க. இது சம்பளமில்லாமல் செய்கிற வேலைன்னு அவர் ஞாபகப்படுத்தியும் விடலை. கடைசியில் ஜியா டான் என்ற பெயரில் உதவ வந்தவருக்குப் பொறுப்பில் பங்கு கிடைச்சுது. 2024 பிப்ரவரியில் அந்த உத்தமர் பின்கதவு வைத்த பதிப்பை வெளியிட்டார். மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்கிற பொறியாளர், எஸ்எஸ்எச் நுழைய அரை விநாடி கூடுதலாகுதேன்னு துருவப் போய்த்தான் குட்டு உடைஞ்சுது. நச்சரிச்சதே போலிக் கணக்குகள்தான் என்பது இன்றைக்குப் பரவலான கணிப்பு.

அன்னிக்கு யாராவது ஒருத்தர், "தம்பி, மரியாதையாப் பேசு; அவசரம்னா நீயே ஒரு கை கொடு"ன்னு குறுக்கே வந்திருந்தா? எல்லாமே தடுத்திருக்கும்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ஒரு மனுஷன் ஒத்தையா நின்னார்ங்கிறது நிஜம்.

நம்ம வீட்டுக்கு வருவோம். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் பொது உரையாடல் நடக்கிற இடத்துக்குப் பேர் ஆலமரத்தடி. அருமையான பேர்! ரொறன்ரோவா டொராண்டோவா, கிரந்த எழுத்து வேணுமா வேண்டாமான்னு ஈழத்து வழக்குக்கும் தமிழ்நாட்டு வழக்குக்கும் நடுவுல வாக்குவாதம் வரும். அங்கே எனக்குப் பிடிச்ச தீர்வு 'வழிமாற்று'. எந்த எழுத்துக்கூட்டலுக்கு வழிமாற்று போட்டு வெச்சாலும் அதே கட்டுரைக்குக் கொண்டுபோய் விடும். தலைப்புச் சண்டை மிச்சம் இருக்கலாம். படிக்க வர்றவங்க தவிக்க வேண்டாம். நல்ல மட்டுறுத்தல்னா வாயை அடைக்கிறது இல்லைங்க, சண்டைக்கான தேவையைக் குறைக்கிறது.

பௌர்ணமிக்கு எங்க திருவண்ணாமலையில் லட்சக்கணக்கான பேர் 14 கிலோமீட்டர் மலையைச் சுத்துறாங்க. தடுப்பு போட்டு வழி பிரிக்கிற போலீஸ்காரரைப் பார்த்து, "என் பக்திக்குத் தடையா?"ன்னு யாரும் கேக்கறதில்லை. குழந்தையும் கிழவியும் நடக்கணும்னா தடுப்பு வேணும்.

"நாட்டாமையே ஒரு கட்சிக்காரரா இருந்தா?" நியாயமான பயம். அதுக்கும் வழி இருக்கு:

1. விதியைச் சண்டைக்கு முன்னாடியே எழுதி வைங்க.
2. சண்டையில் இருக்கிறவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது.
3. எதையாவது நீக்கினா காரணத்தைப் பொதுவில் சொல்லுங்க.
4. "இந்த நிரல் ஓடாது" ஓகே. "உனக்கு நிரல் எழுதவே தெரியாது" கூடாது.

பெரிய திட்டத்தில் ஒருத்தர் கோவிச்சுக்கிட்டுப் போனா இன்னொருத்தர் வருவார். ஒரு மென்பொருளைத் தமிழாக்கம் பண்றது பல நேரம் ரெண்டு மூணு பேர்தான். அதில் ஒருத்தர் "போங்கப்பா"ன்னு போயிட்டா மெனு பாதி தமிழ், பாதி ஆங்கிலம்னு வருஷக்கணக்கா கிடக்கும். முதல் தடவை ஒரு பிழையைச் சொல்ல வர்ற காலேஜ் பொண்ணு ரெண்டாவது தடவையும் வருவாளா? என்னைக் கேட்டா அதுதான் அளவுகோல்.

நீங்க என்ன நினைக்கறீங்க? திட்டணும்னா கருத்தைத் திட்டுங்க, என்னை விட்டுடுங்க :-)