நம் குழந்தைக்காகக் காத்திருக்கும் விளையாட்டு எது?

நீண்ட நாள் சிகிச்சைக்காக வந்து தங்கும் குழந்தைகளுக்குக் கைப்பேசி விளையாட்டு பெருந்துணை. டிரிப்ஸ் ஏறும் மணிநேரங்களைக் கடத்தவும், அடுத்த ஊசியைப் பற்றிய நினைவைச் சற்றே தள்ளி வைக்கவும் அது உதவுகிறது. வீடியோ கேம் விளையாடி வளர்ந்து, பெற்றோரான பின்னும் அப்பழக்கத்தை விடாதவர்களுள் நானும் ஒருவன். ஆகவே விளையாட்டே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. "எவ்வளவு நேரம் விளையாடுகிறாய்?" என்ற கேள்வியோடு நாம் நின்றுவிடுகிறோம். "இந்த விளையாட்டை எப்படி அமைத்திருக்கிறார்கள்?" என்ற கேள்வியையும் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

விளையாட்டின் அமைப்பு நோயாளிக்குத் துணை நிற்க முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தீக்காய நோயாளிகளுக்கென்றே 'ஸ்னோ வேர்ல்ட்' என்ற விளையாட்டை உருவாக்கினர். காயத்துக்குக் கட்டு மாற்றும் நேரத்தில் நோயாளி மெய்நிகர் கண்ணாடி அணிந்து பனி உலகில் பனிப்பந்து எறிந்துகொண்டிருப்பார். கவனம் அங்கே செல்வதால் வலி குறைவாகத் தோன்றும். 2006-இல் வெளிவந்த 'ரீ-மிஷன்' புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் இளையோருக்காக அமைக்கப்பட்டது. 34 மருத்துவ மையங்களில் 375 பேரிடம் நடத்திய ஆய்வில், அதை விளையாடியவர்கள் மருந்தை ஒழுங்காக உட்கொள்வதில் மேம்பட்டிருந்தது தெரியவந்தது. இவ்விரண்டும் நோயாளியின் நலனை முன்வைத்து அமைக்கப்பட்டவை.

நம் கைப்பேசியில் இலவசமாக இறங்கும் விளையாட்டுகள் பலவற்றின் கணக்கு வேறு. ஆடுபவர் நாள்தோறும் திரும்பி வர வேண்டும், எப்போதாவது பணம் செலுத்த வேண்டும் என்பதை வைத்தே அவை அமைக்கப்படுகின்றன. எனவே குழந்தையிடம் கொடுப்பதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேட்பது நல்லது.

முதலாவது: இதை நடுவில் நிறுத்தி வைக்க முடியுமா? இணையத்தில் பலர் குழுவாக ஆடும் ஆட்டத்தில் ஒருவருக்காக மற்றவர்கள் நிற்க மாட்டார்கள். பாதியில் விலகினால் புள்ளி குறைக்கும் விளையாட்டுகளும் உண்டு. இரத்தம் எடுக்கச் செவிலியர் வரும்போது "இன்னும் ரெண்டே நிமிஷம்மா" என்று குழந்தை கெஞ்சுவதை அடம் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. விட்டு எழுந்தால் தண்டனை என்று விளையாட்டு அதற்குக் கற்பித்திருக்கிறது.

இரண்டாவது: வராத நாளுக்கு என்ன நேர்கிறது? தொடர்ந்து ஏழு நாள் வந்தால் பரிசு, ஒரு நாள் தவறினால் மீண்டும் முதலிலிருந்து என்பது பரவலாகக் காணும் ஏற்பாடு. நலமாக இருக்கும் குழந்தைக்கு இது சிறு ஏமாற்றம். அறுவைச் சிகிச்சை முடிந்து மயக்கத்தில் கிடந்த குழந்தைக்கோ, நோயுற்றதற்காகவே விதிக்கப்பட்ட அபராதம். பள்ளியையும் நண்பர்களையும் ஏற்கெனவே இழந்து நிற்கும் பிள்ளைக்கு இன்னோர் இழப்பு எதற்கு?

மூன்றாவது: பணம் எந்த வழியாகப் போகிறது? 'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் இத்தகைய குற்றச்சாட்டுகளைச் சுமத்தியது. ஒரு பொருளைப் பார்வையிட முயலும்போது அருகிலுள்ள பொத்தானில் கை பட்டாலே வாங்கியதாகிவிடும் வகையில் திரை அமைந்திருந்தது என்றும், பெற்றோரின் ஒப்புதலின்றிக் குழந்தைகள் பணம் செலவிட முடிந்தது என்றும் ஆணையம் கூறியது. வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர 24.5 கோடி டாலர் செலுத்த 2022 டிசம்பரில் அந்நிறுவனம் உடன்பட்டது. குழந்தைகளின் தனியுரிமை தொடர்பான வழக்கில் மேலும் 27.5 கோடி டாலர் அபராதம். முன்பின் தெரியாதவர்களோடு பேசும் வசதி குழந்தைகளுக்கும் தொடக்கத்திலேயே திறந்திருந்தது என்பது அவ்வழக்கின் ஒரு பகுதி. நாமும் மருந்துக்கும் பரிசோதனைக்கும் வைத்திருக்கும் பணம் இருக்கும் அதே கைப்பேசியைத்தான் பிள்ளையின் கையில் கொடுக்கிறோம்.

நான்காவது: பரிசு உழைப்புக்கா, அதிர்ஷ்டத்துக்கா? உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கச் செய்வது இன்னொரு முறை. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசு விடாமல் முயலத் தூண்டும் என்பதை உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னரின் சோதனைகள் நெடுங்காலத்துக்கு முன்பே காட்டின. சில விளையாட்டுகளில் உள்ள இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல் முடிவு செய்தது.

"நோயில் வாடும் குழந்தை, இதிலுமா கண்டிப்பு?" என்று சிலர் கேட்கலாம். அந்தப் பரிவு எனக்குப் புரிகிறது. ஆனால் இக்கேள்விகள் குழந்தையை நோக்கியவை அல்ல. விளையாட்டை அமைத்தவர்களை நோக்கியவை. மருந்து வரும்போதும், உறக்கம் வரும்போதும், உடல் முடியாத நாளிலும் தடையின்றி விட்டுக்கொடுக்கும் விளையாட்டே நோயுற்ற குழந்தைக்கு ஏற்றது.

அதே வேளையில், நெடுநேரம் விளையாடும் பிள்ளைகளையெல்லாம் அடிமையாகிவிட்டதாகக் கருதி அஞ்சவும் வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 2022 முதல் நடைமுறையில் உள்ள விளையாட்டுக் கோளாறு என்பதற்கு உரிய அடையாளங்கள் உண்டு. கட்டுப்பாட்டை இழத்தல், பிற கடமைகளுக்கும் ஆர்வங்களுக்கும் மேலாக விளையாட்டை வைத்தல், தீங்கு நேர்ந்தும் தொடர்தல் ஆகியவை பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களாவது நீடிக்க வேண்டும். அப்படியொரு ஐயம் எழுந்தால் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

இயன்றவர்கள் ஒரு விளையாட்டைக் கொடுக்குமுன் அரைமணி நேரம் தாமே ஆடிப் பார்க்கலாம். கட்டணம் செலுத்தும் வசதியைக் கடவுச்சொல்லால் பூட்டலாம். அறிவிப்புகளை நிறுத்தலாம். கணினியோடு ஆடும் சதுரங்கம், சுடோக்கு போன்றவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். மருத்துவமனைக்கும் ஒரு வேண்டுகோள்: நடுவில் நிறுத்தக்கூடிய, பணம் கேட்காத விளையாட்டுகளின் பட்டியல் ஒன்றைக் குழந்தைகள் வார்டில் மாட்டி வைத்தால், இரவெல்லாம் விழித்திருக்கும் பெற்றோருக்குத் தேடும் சுமையாவது குறையும்.